பிள்ளைகள் முன்னால்

ஜெயமேரி பெரிய டீச்சர் ஆன வருஷமே இன்ஸ்பெக்ஷன் வந்துவிட்டது. திண்டுக்கல்லில் ஒரு மண்டிக்காரர் குடும்பம் நடத்திய பெண்கள் பள்ளி அது. வயதிலும் அனுபவத்திலும் மூத்தவள் அய்யம்மாள்தான். ஆனாலும் ஜெயமேரி கூடுதலாகப் படித்தவள் என்று நிர்வாகம் அவளைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தது. அய்யம்மாள் முகம் கோணவில்லை. முதல் நாள் அந்த அறையை அவளே கூட்டித் துடைத்து, சாவியைக் கையில் கொடுத்தாள்.

ஆண்டு விழா நெருங்கியபோது, தாளாளருக்குக் கோலாட்டம் பிடிக்கும் என்று ஜெயமேரிக்குத் தெரிந்தது.

"அக்கா, கணக்குப் பாடத்த அப்புறம் பாத்துக்கலாம். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோலாட்டம் பழக்கி விடுங்க."

"இன்ஸ்பெக்ஷன் வந்தா?"

"நான் சொல்லிக்கிறேன்க்கா."

விழா முடிந்த மறுவாரமே இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அஞ்சாம் வகுப்பில் பின்னக் கணக்கு ஒன்றைப் போட்டார். ஒரு கைகூட உயரவில்லை. அவர் ஜெயமேரி பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இது?"

"அய்யம்மாள் டீச்சர் வகுப்பு சார். எத்தனையோ தடவ சொல்லிட்டேன். காதுலயே வாங்க மாட்டேங்கிறாங்க."

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து, "சார், கோலாட்டம்..." என்று தொடங்கியது. அய்யம்மாள் அதன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பிறகு திரும்பி, கரும்பலகையை நிதானமாக அழித்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஜெயமேரிக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் முழந்தாளிட்டாலும் ஜெபம் வரவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்ற அந்த முதுகுதான் வந்தது. சனிக்கிழமை அய்யம்மாளின் ஊரான வடமதுரைக்குப் பஸ் ஏறினாள்.

அய்யம்மாள் வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க பெரிய டீச்சர்" என்றாள். அதுவரை அவள் 'மேரி' என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். திரும்பி வந்துருங்க."

"கோவம்லாம் இல்ல டீச்சர். ஆனா எப்பிடி வாரது? தனியாக் கூப்பிட்டு வஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளைக முன்னாடில்ல சொன்னீங்க. அந்த ரூமுக்குள்ள நான் எப்பிடி நொழைவேன்?" காயை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். "செத்த இருங்க, காப்பி போடுறேன்."

காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் ஜெயமேரிக்கு உயிர் போய் வந்தது.

திங்கட்கிழமை அஞ்சாம் வகுப்புக்குப் போனாள். "உங்க டீச்சர் மேல தப்பில்ல. கணக்கை நிறுத்தச் சொன்னது நான். சார்கிட்ட நான் பொய் சொன்னேன்" என்றாள். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டன. அவளுக்காக அவை வெட்கப்பட்டது போலிருந்தது. இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கும் போய்ச் சொன்னாள். "பள்ளிக்கூடத்து மானத்த வாங்கிட்டியேம்மா" என்று தாளாளர் கத்தினார். ஆனாலும் நாற்காலியைப் பறிக்கவில்லை. பறித்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அய்யம்மாள் வரவேயில்லை, தன் ஊரிலேயே வேறொரு பள்ளியில் சேர்ந்துகொண்டாள்.

சில வருஷம் கழித்து, அறுபதுகளில், அந்த மண்டிக்காரர் குடும்பம் கொடைரோட்டிலும் சேவுகம்பட்டியிலும் பள்ளி திறந்தது. புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமை ஆசிரியர்களுக்குப் பக்கத்தில் இருந்து வேலை பழக்கும் பொறுப்பு ஜெயமேரியிடம் வந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பாள். அதிகம் பேச மாட்டாள். இன்ஸ்பெக்ஷன் நெருங்கும்போது மட்டும், "யார் வகுப்புல குறை வந்தாலும், 'என் பொறுப்பு சார்'னு முதல்ல சொல்லுங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்பாள்.

கொடைரோட்டு முத்துச்சாமி அப்படியே செய்தார். இன்ஸ்பெக்டர் போனதும் அவருடைய ஆசிரியர்கள் நன்றியோடு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முத்துச்சாமி பூரித்துப்போய் அவளிடம் ஓடிவந்தார்.

"என்னா ஒரு யோசனம்மா! எங்க கத்துக்கிட்டீங்க இத?"

ஜெயமேரிக்குக் காது மடல் சுட்டது. குடையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.