வேறு ஆதரவு இல்லாதவள்

…வேற ஆதரவே இல்லாதவங்க, இவரை மட்டுமே நம்பி இருக்காங்க என்று வக்கீல் சொல்லிக்கொண்டே போகிறார், யாரைச் சொல்கிறார், என்னையா, ஆமாம், என்னைத்தான், கோர்ட்டே திரும்பிப் பார்க்கிறதே, கூண்டில் நிற்கிற என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பவில்லை… பழைய சாமான் கடைக்காரருங்க, யாரோ கொண்டுவந்ததை வாங்கினார், திருடினது இவர் இல்லையே… திருடவில்லைதான். ஆனால் அந்த மோட்டார் வைத்த சக்கர நாற்காலி எங்கள் சமையலறையில்தான் கிடந்தது, அடியிலிருந்த நம்பரை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார், நடக்க முடியாத பிள்ளையோடது போலிருக்குங்க, திருப்பிக் கொடுத்துடலாமே என்று வாய் தவறிச் சொன்னேன், விழுந்த அறையில் இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை… நாற்காலியைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணை அவள் அப்பா தூக்கிக்கொண்டு வந்துதான் சாட்சி சொல்ல வைத்தார், வயசுக்கு வந்த பெண், கூச்சத்தில் முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள்.

தெரிஞ்சே வாங்கியிருக்கார், நம்பரை அழிச்சிருக்கார், இது ரெண்டாவது தடவை, பிரிச்சு வித்துட்டதால பொருளும் திரும்பக் கிடைக்கல… நீதிபதி அடுக்க அடுக்க தண்டனை ஏறிக்கொண்டே போகிறது, இறக்குவதற்கு இருப்பது நான் ஒருத்திதான். “மனைவி வந்திருக்காங்களா?” எழுந்து நிற்கிறேன். “இவர் உள்ள போயிட்டா உங்களால சமாளிக்க முடியுமாம்மா? பயப்படாம சொல்லுங்க.” முடியும். ஏன் முடியாது, கடையை நான் பார்த்துக்கொள்வேன், இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் என் பிள்ளை கட்டிலுக்கடியில் ஒளிய வேண்டியிருக்காது, ஒரே வார்த்தைதான், சொல்லேண்டி… இப்போதுதான் அவர் திரும்புகிறார், அந்தப் பார்வை எனக்குத் தெரியும். “முடியாதுங்க ஐயா, அவர் இல்லாம முடியாதுங்க.” என் குரல்தானா அது?

நீதிபதி மூன்று வருஷம் கொடுக்க நினைத்தாராம், குடும்பத்தைப் பார்த்து ஒரு வருஷமாகக் குறைக்கிறாராம். பிழைச்சீங்கம்மா என்று வக்கீல் சிரிக்கிறார். போலீஸோடு என்னைத் தாண்டும்போது வீட்டுக்காரர் குனிந்து, “நல்லா சொன்ன” என்கிறார், கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் பாராட்டு… அழுகை பொத்துக்கொண்டு வருகிறது. பெண் போலீஸ் ஒருத்தி என் முதுகைத் தடவிவிடுகிறாள், “அழாதீங்கக்கா, ஒரு வருஷம் என்ன, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்.” ஆமாம், ஓடிவிடும்… அதற்குத்தானே அழுகிறேன்.