பஸ்ரியன் தூக்கிய கை

1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் ஞாயிறு, மாலை ஐந்தே காலுக்கு, நடுவர் பஸ்ரியன் ஓர் ஆட்டக்காரனை அவுட் என்று காட்டுவதற்காக வலக்கையைத் தூக்கினார். அந்தக் கை பிறகு இறங்கவில்லை. அன்று வெயில் முப்பது பாகை, காற்று மேற்கிலிருந்து வீசியது, ஸ்காபரோவின் அந்த மைதானத்தில் வத்தகப்பழம் துண்டு ஐம்பது சதத்துக்கு விற்றது. முந்திய ஆண்டு நகரத்தின் பெரிய அணி உலகத் தொடரை வென்றதிலிருந்து ரொறன்ரோவில் தொப்பி போடாத தலையைக் காண்பது அரிதாக இருந்தது. எங்கள் ஆட்களும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தேவாலயத்துக்கு ஓர் அணி, பேக்கரிக்கு ஓர் அணி என்று சேர்த்து, ஞாயிறு லீக் ஒன்றில் பேஸ்போல் ஆடத் தொடங்கியிருந்தார்கள்.

பஸ்ரியன் மன்னார் பேசாலையில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். பதினொரு வருடம் எல்லே ஆட்டத்துக்கு நடுவராக நின்றவர். எல்லேயும் பேஸ்போலும் பார்வைக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள் மாதிரி. தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடி வரவேண்டும். வில்லங்கம் ஓர் இடத்தில்தான் இருக்கிறது. எல்லேயில் ஓடுகிறவன்மேல் பந்தை எறிந்து பட்டால் அவன் அவுட். பேஸ்போலில் முதுகில் பட்டாலும் அவன் தன்பாட்டில் ஓடலாம். வேண்டுமென்று பந்தை மறித்தால் மட்டுமே அவுட். பஸ்ரியன் இதைப் படித்து, பரீட்சை எழுதி, நடுவர் சட்டை வாங்கியவர். அவருடைய தலைக்குத் தெரிந்திருந்தது. கைக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தேவாலய அணியின் மனேஜர் கஸ்பர். அவரும் பஸ்ரியனும் ஒரே ஆண்டு கனடாவுக்கு வந்து, ஒரே பேஸ்மென்டில் இருந்து, ஒரே பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். தொலைக்காட்சியில் பெரிய மனேஜர்கள் செய்வதைப் பார்த்துப் பழகிய கஸ்பர், எந்தத் தீர்ப்பு வந்தாலும் மைதானத்துக்குள் இறங்கி, தொப்பியை நிலத்தில் அடித்து, மூக்கும் மூக்கும் முட்ட நின்று கத்துவார். தீர்ப்பு தனக்குச் சாதகமாக இருந்தாலும் இரண்டொரு தடவை கத்தியதுண்டு. ஆட்டம் முடிந்ததும் அதே வாயால் ‘ஏறுங்கோ அண்ணை’ என்று சொல்லி, பஸ்ரியனைத் தன் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போவார். இரண்டு கோடைகாலம் இப்படித்தான் நடந்தது. பஸ்ரியன் வெளியே சலித்துக்கொண்டாலும் அந்தக் கத்தல் அவருக்குப் பிடித்தே இருந்தது.

அன்று இறுதி ஆட்டம். தேவாலய அணிக்குச் சமநிலைக்கு ஓர் ஓட்டம் வேண்டும். இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்துவிடும். கஸ்பரின் தம்பி நீக்கிலாஸ் மூன்றாவது பேஸிலிருந்து, அதாவது கடைசித் தரிப்பிலிருந்து, ஓடி வந்தான். பேக்கரிக்காரன் எறிந்த பந்து அவனுடைய தோளில் பட்டுத் தெறித்தது. நீக்கிலாஸ் ஓடி முடித்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு திரும்பினான். அப்போதுதான் பஸ்ரியனின் வலக்கை பதினொரு வருடப் பழக்கத்தில் மேலே போனது.

கஸ்பர் மைதானத்துக்குள் வந்தார். ஆனால் அன்று அவர் கத்தவில்லை. கிட்ட வந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி, “அண்ணை, இது எல்லே இல்லை” என்றார். கத்தியிருந்தால் பஸ்ரியன் திருத்தியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். அந்த மெல்லிய குரல்தான் அவரைச் சுட்டுவிட்டது. அவர் கஸ்பரை மைதானத்தைவிட்டு வெளியே போகச் சொன்னார். எந்தக் கையால் வாசலைக் காட்டுவது என்று தெரியாமல் இடக்கையால் காட்டினார்.

லீக்கின் சட்டம் தெளிவானது. நடுவர் சட்டத்தைப் பிழையாகப் பாவித்தால் முறையிடலாம், ஆட்டம் திரும்ப நடக்கும். நடுவர் தன் கண்ணால் கண்டு தீர்மானித்ததை யாரும் முறையிட முடியாது. கஸ்பர் முறையிட்டார். லீக், பஸ்ரியனிடம் அறிக்கை கேட்டது. வலக்கை மேலே நின்றதால் அவருடைய மனைவி செலீன் பேனாவைப் பிடித்தாள். நீக்கிலாஸ் வேண்டுமென்றே தோளைச் சரித்துப் பந்தை மறித்ததைத் தான் கண்டதாக எழுதச் சொன்னார். அன்று மைதானத்தில் மடக்கு நாற்காலி போட்டு இருந்தவள் செலீன்.

“இது உண்மையோ?” என்று கேட்டாள்.

“எழுது.”

எழுதினாள். முறையீடு தள்ளுபடியானது.

குடும்ப வைத்தியர் கையை அமத்திப் பார்த்துவிட்டு எலும்பில் குறையில்லை என்றார். தையல் தொழிற்சாலையில் வேலை செய்த செலீன், அவருடைய குளிர்கால ஜக்கெற்றின் வலது கையைப் பிரித்து, வானத்தைப் பார்க்கும்படி திருப்பித் தைத்தாள். தொழிற்சாலையில் அவரை உயரத் தட்டுகளுக்கு மாற்றினார்கள். வேலை முன்னையிலும் சுறுக்காக நடந்தது. அவர் சும்மா நடந்துபோனாலும் பஸ்கள் நின்றன. தேவாலயக் கூட்டத்தில் எல்லாப் பிரேரணைக்கும் அவர் ஆதரவு என்று பதிவானது. 1996இல் இரண்டாவது ஒலிபெருக்கி ஒரு வாக்கால் நிறைவேறியது அப்படித்தான். நடுவர் வேலையையும் அவர் விடவில்லை. இடக்கையை மட்டும் பார்க்கவேண்டும் என்று ஆட்டக்காரர் பழகிக்கொண்டார்கள். லீக்கின் புத்தகத்தில் அதற்குத் தடை எதுவும் இருக்கவில்லை.

கஸ்பர் அணியை நடத்தினார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு தீர்ப்புக்கும் அணி இருக்கும் வாங்கிலிருந்து எழும்பவில்லை. பச்சையாகப் பிழையான தீர்ப்புகளுக்குக்கூட எழும்பவில்லை. பஸ்ரியன் பஸ்ஸில் வீடு போனார். ஞானஸ்நான வீடுகளில் நீக்கிலாசைத் ‘தோள்காரன்’ என்று பகிடி பண்ணினார்கள். 1994இல், பெரிய அணிகளின் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்த அதே கோடையில், அவனும் மட்டையை வைத்துவிட்டு, மிசிசாகாவில் விமானநிலைய வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான். 1995இல் பஸ்ரியன் பாவசங்கீர்த்தனம் செய்தார். கேட்ட சுவாமியார், அதை அந்தப் பெடியனிடம் போய்ச் சொல்லும்படி சொன்னார். நாளைக்கு, நாளைக்கு என்று நாலு வருடம் போனது. அந்த நாலு வருடத்துக்கு இன்றுவரை அவரிடம் ஒரு காரணமும் இல்லை.

1999 ஜனவரியில், பனி அள்ளுவதற்கு நகரம் இராணுவத்தைக் கூப்பிட்ட கிழமை, பஸ்கள் ஓடவில்லை. கையைத் தூக்கியபடி தெருவோரத்தில் நின்ற பஸ்ரியனுக்குப் பக்கத்தில் ஒரு கார் நின்றது. கஸ்பர். பழைய பழக்கத்தில் கால் பிரேக்கை மிதித்துவிட்டது என்று பிறகு சொன்னார். பஸ்ரியன் பின் இருக்கையில் சரிந்து, கையைக் கண்ணாடி வழியாக வெளியே விட்டபடி இருந்தார். பனி உள்ளே கொட்டியது. கஸ்பர் ஹீற்றரைக் கூட்டிவிட்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது பஸ்ரியன் நீக்கிலாசின் விலாசம் கேட்டார். கஸ்பர் பெற்றோல் அடித்த பற்றுச்சீட்டொன்றின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை மிசிசாகாவில் நீக்கிலாசின் சமையலறை மேசையருகில் இருந்து பஸ்ரியன் எல்லாவற்றையும் சொன்னார். நீக்கிலாஸ் தேத்தண்ணி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

“முதல் வருசம் நான் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்” என்றான். “பிறகு பிறகு எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது. பஸ்ரியன் அண்ணை பொய் எழுத மாட்டார், தோள் தன்பாட்டில சரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன். இப்ப நீங்கள் வந்து இல்லையெண்டுறியள். அண்டைக்கு எழுதினதை நம்பிறதோ, இண்டைக்குச் சொல்லுறதை நம்பிறதோ?”

நீக்கிலாஸ் தன் வலது தோளை ஒருமுறை குனிந்து பார்த்தான். அந்தத் தோளைப் பற்றி இனி அவனால் எதையும் நிச்சயமாகச் சொல்லமுடியாது என்பது பஸ்ரியனுக்கு விளங்கியது. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அழுதார். மற்றப் பயணிகள் அவர் இறங்கக் கேட்கிறார் என்று நினைத்து மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அன்றிரவே செலீனை இருத்தி, லீக்குக்கு உண்மையை எழுதுவித்தார். மூன்று கிழமையில் பதில் வந்தது. நன்றி தெரிவித்திருந்தார்கள். நடுவர் கண்ணால் கண்டு தீர்மானித்ததை மீளாய்வு செய்யச் சட்டத்தில் இடமில்லை, ஆகவே தீர்ப்பு நிற்கும் என்றிருந்தது. செலீன் அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். பஸ்ரியன் அந்தக் கடிதத்தின் பிரதியொன்றைக் கஸ்பருக்கு அனுப்பினார்.

மே மாதத்து முதல் ஆட்டத்தில், மூன்றாம் சுற்றில், கஸ்பரின் ஆட்டக்காரன் அடிக்காமல் விட்ட ஒரு பந்தை, பஸ்ரியன் அவனுக்கு எதிராக ஸ்ட்ரைக் என்றார். அது சரியான தீர்ப்பு. கஸ்பர் வாங்கிலிருந்து எழும்பினார். அவர் நேராக நடந்துவந்து, தொப்பியை நிலத்தில் அடித்து, புழுதியைக் காலால் வாரி, மூக்கும் மூக்கும் முட்ட நின்று ஆறு வருடத்தையும் கத்தினார். தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஒவ்வொன்றுக்கும் பஸ்ரியன் “ஓம்” என்றார். சட்டப்படி இரண்டாம் நிமிடத்தில் அவரை வெளியேற்றியிருக்கவேண்டும், பஸ்ரியன் செய்யவில்லை. இரண்டு அணியும் புல்லில் குந்தியிருந்து தண்ணீர் குடித்தன.

மூச்சு வாங்க நின்றபோது கஸ்பர்தான் முதலில் கண்டார்.

“கொஞ்சம் இறங்கியிருக்கு அண்ணை.”

பஸ்ரியன் அண்ணாந்து பார்த்தார். ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

“அடுத்த ஞாயிறும் வாறன்” என்றார் கஸ்பர், தொப்பியைத் தட்டியபடி.

அந்தக் கோடை முழுக்க ஞாயிறுதோறும் மூன்றாம் சுற்றில் அவர் இறங்கி வந்து கத்தினார். அதற்கென்று பத்து நிமிடத்தை லீக் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. ஒக்ரோபரில் பஸ்ரியனின் கை காதுமட்டத்துக்கு வந்திருந்தது. செலீன் ஜக்கெற்றை மறுபடி பிரித்துத் தைத்தாள். கஸ்பர் ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் கொடுக்கும் பெயர்ப்பட்டியலில் நீக்கிலாசின் பெயரையும் ஒவ்வொரு கிழமையும் எழுதினார். பஸ்ரியன் அதை வாசித்து, மிசிசாகாப் பக்கமிருந்து வரும் தெருவைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, இடக்கையால் ‘வரவில்லை’ என்று எழுதி, ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார்.