ஆறு மணிக்கு மேல் காத்திருக்க வேண்டாம்

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சல்ஹா மாடிக்கு ஏறினாள். மத்தி மீனை டின்னில் அடைக்கும் கம்பெனியில் விடிகாலையிலிருந்து நின்ற கால்கள் மரத்துப் போயிருந்தன. ஒரு கையில் போன், மறு கையில் மதியம் கம்பெனி வாசலில் புருஷன் கொடுத்துவிட்டுப் போன தாள்.

தலைநகர் தூனிஸுக்கு பஸ் ஓட்டும் ஹம்மாதிக்கு வாரத்தில் ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளுக்காகவே ஒரு பழைய பாய்ப்படகை வாங்கி நீலச் சாயம் பூசி வைத்திருந்தான். படகு கிளப்பில் பாதுகாப்பு வகுப்பு நடத்தும் ரஃபீக்கா டீச்சர், கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்காமல் யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எந்தப் படகு, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு மேல் காத்திருக்காமல் கடற்காவலைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் அச்சடித்த தாள். "பாஸாகணும்னா இதையும் செய்யணுமாம். வெச்சுக்க. நான் என்ன பச்சப்புள்ளையா?" என்று சிரித்துக்கொண்டேதான் ஹம்மாதி கொடுத்தான். போன குளிர்காலத்தில்தான் சல்ஹா முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகினாள். தாளில் ஆறு மணி என்று இருந்தது. அவளுக்கு எழுதியது என்றால் எழுதியதுதான்.

பின்னாலேயே ஏறி வந்தாள் நாத்தனார் ஸக்கியா.

"அண்ணி, போனைக் கீழ வைங்க. கடலைப் பாருங்க, தட்டுல ஊத்துன எண்ணெயாட்டம் கெடக்கு. கடற்காவலைக் கூப்பிட்டா அண்ணன் கள்ளத்தனமா இத்தாலிக்கு ஓடப் பாத்தாருன்னு ஊரே சிரிக்கும்."

கடல் அப்படித்தான் கிடந்தது. ஹம்மாதி பக்கத்துக் கரை வளைவில் கூட்டாளிகளோடு மீன் சுட்டுத் தின்றுகொண்டிருந்தால்? ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டான். சல்ஹா தாளின் அடியிலிருந்த வரியை மறுபடி கூட்டினாள். நிலத்திலிருந்து காற்று அடித்தால் கரையோரம் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நிமிர்ந்தாள். கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகள் அத்தனையும் கடலைப் பார்த்துப் புடைத்துக்கொண்டு நின்றன.

ஆறு அடித்ததும் கூப்பிட்டுவிட்டாள்.

"இத்தாலிக்கா?" என்றது கடற்காவலில் போனை எடுத்தவன் குரல்.

"இல்லய்யா, சும்மா பொழுதுபோக்குக்குப் போனவரு. நான் படிக்கிறேன், எழுதிக்கங்க."

விரல் வைத்துப் படித்தாள். நீலப் படகு. வெள்ளைப் பாய், நடுவில் பழுப்பு ஒட்டு. ஒரே ஆள். ஆரஞ்சு மிதவைச் சட்டை. வடக்கே, ஒற்றைப் பாறைப் பக்கம். மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு வெவரமா யாரும் சொன்னதில்லம்மா. இதோ கெளம்பியாச்சு."

அதற்குப் பிறகு ஸக்கியா அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவேயில்லை.

ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. "கெடச்சுட்டாரு. சுக்கான் ஒடஞ்சு நாலு மைல் போயிட்டாரு. நல்லாத்தான் இருக்காரு, வாய்தான் ஓயல."

சல்ஹா இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

காவல் படகு கட்டி இழுத்துவர, ஹம்மாதி துறைமுகத்தில் இறங்கினான். உதடெல்லாம் உப்பு. "ஏழு வரைக்கும் பொறுத்திருந்தா நானே வந்திருப்பேன்" என்றான்.

"எப்படி, நீந்தியா?" என்றான் காவல்காரன்.

ஹம்மாதி சிரிக்கப் பார்த்தான். பல் தந்தியடித்தது. மிதவைச் சட்டையின் கொக்கியைக் கழற்ற விரல் வளையவில்லை. சல்ஹா கழற்றினாள். உள்ளே அவன் நெஞ்சுத் துடிப்பு அவள் கையில் வந்து மோதியது. அவளை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

காப்பிக்கடையைத் தாண்டும்போது யாரோ குரல் கொடுத்தார்கள்: "என்னப்பா ஹம்மாதி, இத்தாலில காப்பி என்ன வெல?"

"கேக்கறதுக்குள்ள பொண்டாட்டி இழுத்துட்டு வந்துட்டா!" என்று அவனே கத்தினான். கடை மொத்தமும் சிரித்தது.

வீட்டுக்கு ஏறும் சந்தில் சல்ஹா முன்னால் நடந்தாள். அவனுடைய ஈரச் செருப்பு அடிக்கு அடி பொதக் பொதக்கென்றது. அந்தச் சத்தம் பின்தங்கிவிடாதபடி அவள் மெதுவாக நடந்தாள்.