பதினேழாவது பேனை

சிறிதேவி மான் கொம்பில் கடைந்த பேனைகளில் பதினேழாவது, மூன்று வருடம் ஒவ்வோர் ஒக்டோபர் முதலாம் திகதியும் காலை ஒன்பது பத்துக்கு, தன்னால் கடைசியாக எழுதியவரைக் குறிபார்த்துச் சுட்டது. மற்ற நாட்களில் அது ஒழுங்கான பேனை. மை கசியாது, கையில் வழுக்காது. முதல் வருடம் நோர்வேயின் திராமன் நகரில் சுட்டது, இரண்டாம் வருடம் ஓடும் ரயிலில், மூன்றாம் வருடம் ஒஸ்லோ ரொம்சோசில் சிறிதேவியின் சொந்த வீட்டில். ஒஸ்லோத் தமிழர் இதைப்பற்றி வேறும் சொல்லுவார்கள். பேனை வாய் திறந்து கதைத்தது என்றும், மான் லிஃப்டில் ஏறி எட்டாம் மாடிக்கு வந்தது என்றும் சொல்லுவார்கள். அதெல்லாம் வாய்க்கு வந்தபடி கட்டிவிட்டவை. நடந்தது இவ்வளவுதான்.

சிறிதேவி முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு நொந்து, அங்கேயே அரை நேர மேசை வேலைக்கு மாறியவள். முதுகு தேறட்டும் என்று அரசாங்க அலுவலகம் அவளை ஒரு கடைசல் வகுப்புக்கு அனுப்பியது. கூடப் படித்த நோர்வேப் பெண்கள் மரக் கிண்ணம் கடைந்தார்கள். இவளுக்குக் கொம்பு பிடித்துவிட்டது. தையல் இயந்திரத்தின் அளவே வரும் ஒரு கடைசல் இயந்திரத்தை வாங்கி, கட்டிடத்தின் நிலவறையில் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். கொம்பைத் துண்டாக்கி, நடுவில் துளைத்து, பித்தளைக் குழாயை ஒட்டி, சுழலவிட்டு உளியைக் கொடுத்தால் பல்வைத்தியரின் அறை நாற்றத்துடன் வெள்ளைத் தூள் பறக்கும். தோய்ந்து உடுப்பு மாற்றாமல் சாமி விளக்குப் பக்கம் வரக்கூடாது என்று அவளுடைய கணவர் சோதிலிங்கம் சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் அவள் வந்திருக்கமாட்டாள். உதிர்ந்த கொம்பில் மட்டுமே பேனை செய்வது என்பது அவளே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. எல்க் என்கிற அந்தப் பெரிய காட்டு மான் வருடாவருடம் மாரிக் குளிரில் கொம்பைத் தானே உதிர்த்துவிடும். உதிர்ந்த கொம்பின் அடி பொத்தான் மாதிரி உருண்டிருக்கும். கொன்று எடுத்ததில் மண்டையோட்டின் துண்டு ஒட்டியிருக்கும். நவராத்திரிக்குத் தன் பேனைகளைச் சரஸ்வதிக்கு முன்னால் வைக்கிறவள், கொலைப்பட்ட பொருளை அங்கே வைப்பாளா? ஆகவே எந்தக் கொம்பைக் கையில் எடுத்தாலும் முதலில் அடியைத் திருப்பிப் பார்ப்பாள்.

எல்வெரும் பக்கத்துக் காட்டிலிருந்து சந்தைக்குக் கொம்பு கொண்டுவரும் துர்பியோர்ன் என்ற வேட்டைக்காரர் ஒரு சனிக்கிழமை நீட்டிய கொம்புக்கு அடியே இல்லை. வாளால் நேராக அறுத்திருந்தது. உதிர்ந்ததா, சுட்டதா என்று கேட்க ஒரு மூச்சு போதும். சிறிதேவி கேட்கவில்லை. நல்ல தேயிலைச் சாய நிறத்தில், உள்ளே ஒரு வெடிப்பும் இல்லாமல், அப்படி ஒரு கொம்பை அவள் அதுவரை கண்டதில்லை. மனிதர் பொய் சொல்லிவிடுவார் என்று அவள் பயப்படவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவார் என்றுதான் பயந்தாள். அதன் ஒரு கிளையில்தான் பதினேழாவது பேனை பிறந்தது.

அதை முதலில் வாங்கியவர் திராமனில் இருக்கும் வரதராசா, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் எழுதுகிறவர். அந்த ஒக்டோபர் முதலாம் திகதி அவர் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு வெடி கேட்டது. காதுக்கு ஒரு சாண் தள்ளி, வாசல் கதவில் ஓட்டை விழுந்தது. பொலிசார் வந்து கதவிலிருந்து சன்னத்தைத் தோண்டி எடுத்தார்கள். எல்க் வேட்டைத் துவக்கின் சன்னம், எங்கோ வழிதவறி வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்தக் கதவு இரண்டு கிழமை பேர்ச் மரத்துப் பால் வடித்தது, ஓட்டையைச் சுற்றி நாலைந்து இலையும் விட்டது. வரதராசா எல்லாப் பழியையும் ஏழரைச் சனியில் போட்டு எள் விளக்கு ஏற்றினார். பேனையைத் தன் பெறாமகள் கம்சாயினிக்கு, அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கத் தொடங்கிய சந்தோஷத்தில், கொடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் அதே நாள், அதே நேரம், கம்சாயினி ரயிலில் இருந்தாள். பேனை வீட்டு மேசைக்குள் கிடந்தது. குரூருட் நிலையம் தாண்டியதும் வெடி கேட்டது. அவளுடைய வலது காதுச் சோணை தோட்டோடு காணாமற்போனது. எதிரே இருந்த மனிதர் கைபேசியிலிருந்து நிமிர்ந்து ஒரு கடதாசித் துவாலையைக் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். காது ஆறிய பிறகு அவள் சிறிதேவியின் வீட்டுக்கு வந்து பேனையை மேசையில் வைத்தாள்.

“கோவியாதேங்கோ அக்கா. இதால எழுதேக்கை எல்லாம், தூரத்தில நிண்டு ஆரோ குறி பாக்கிற மாதிரிக் கிடக்கு.”

கம்சாயினி போனதும் சிறிதேவி துர்பியோர்னுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் மறைக்கவில்லை. முழுக் கொம்பு காரின் பின்பெட்டிக்குள் அடங்காததால் அடியை அறுத்ததாகச் சொன்னார். அந்த மானுக்கு மூன்று வெடி வைத்தாராம், ஒக்டோபர் முதலாம் திகதி, ஒன்பது மணி தாண்டி. முதலாவது பேர்ச் மரத்தில் பட்டது. இரண்டாவது காதைக் கிழித்தது. மூன்றாவது முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சுப் பக்கம். அதன் பிறகு மான் எழும்பவில்லை. கடைசியில், பேனை நன்றாக எழுதுகிறதா என்று அக்கறையோடு விசாரித்தார்.

எழுதிய கையைத்தான் வெடி தேடுகிறது, பேனையை அல்ல என்று சிறிதேவிக்கு விளங்கிவிட்டது. எரித்தாலும் கடலில் போட்டாலும் கடைசியாக எழுதியவள் கம்சாயினிதான். அவளைக் காப்பாற்ற ஒரே வழி வேறொருவர் அந்தப் பேனையால் எழுதுவது. யார் எழுதவேண்டும் என்பதும் சிறிதேவிக்குத் தெரியும். கொம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாய் திறவாமல் வாங்கியது யார்? ஒரு சொல் எழுதினால் போதும். அவள் பேனையை எடுத்து, மூடியைத் திருகி, கடதாசிக்குக் கிட்டக் கொண்டுபோவாள், கை மரத்துப்போகும். நாளைக்கு எழுதுவேன் என்று மேசைக்குள் வைப்பாள். இப்படிப் பதினொரு மாதம் போனது. கம்சாயினியிடம் பேனையைக் கடலில் போட்டாயிற்று என்று சொல்லிவைத்தாள். கோயிலில் அந்தப் பிள்ளையின் அரைக் காதைக் கண்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வீட்டில் சட்டி விழுந்தால் குந்திவிட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சோதிலிங்கம் பகிடி பண்ணினார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாம் வருட நவராத்திரி செப்டம்பர் கடைசியில் வந்தது. ஏழாம் நாள், சரஸ்வதிக்கு முன்னால் புத்தகமும் ஆயுதமும் வைக்கிற நாள். அன்றிலிருந்து விஜயதசமி விடியும்வரை அந்த வீட்டில் யாரும் எழுதுவதுமில்லை, படிப்பதுமில்லை, வைத்ததைத் தொடுவதுமில்லை. சோதிலிங்கம் தன் பஸ் சாரதி அட்டையை வைத்தார், சிறிதேவி உளிகளை வைத்தாள். மகள் ஹம்சிகா மடிக்கணினியையும் அதற்கு மேல் ஒரு பேனையையும் வைத்தாள். தேயிலைச் சாய நிறப் பேனை.

“உங்கட மேசைக்குள்ள கிடந்தது அம்மா. புது வீட்டுக் கொன்ட்ராக்டுக்கு இதாலதான் சைன் வைச்சனான். எனக்குத் தாங்கோவன்.”

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இனி வெடி தேடப்போவது தன் பிள்ளையை என்று சிறிதேவிக்கு விளங்கியது. அதற்கு முன்னால் ஒரு கணம், கம்சாயினி தப்பிவிட்டாள் என்று மனம் ஆறியதும் உண்மை. அன்று பின்னேரம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், சரஸ்வதியின் காலடியில் இருக்கிற பொருள் இனி அவவின் பொறுப்பு, தொட்டால்தான் குற்றம், விஜயதசமிக்கு எடுத்து யோசிப்போம் என்றார். விஜயதசமி ஒக்டோபர் இரண்டாம் திகதி என்பதை இருவரும் நினைத்தார்கள், இருவரும் வாயால் சொல்லவில்லை. சிறிதேவி ஓம், அப்படியே செய்வோம் என்றாள்.

முதலாம் திகதி விடிய நாலு மணிக்கே சோதிலிங்கம் வேலைக்குப் போய்விட்டார். ஹம்சிகா எட்டரைக்கு எழும்பி, குசினியில் பாணுக்குப் பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டிருந்தாள். சிறிதேவி தோய்ந்து, விளக்கைத் தூண்டி, சாமிப் படத்துக்கு முன்னால் நின்றாள். பிறந்த நாள்முதல் அந்த மூன்று நாளில் ஒரு எழுத்து எழுதாதவள். தாயே பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லி, சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த பேனையை எடுத்தாள். எழுத ஒரு கடதாசி இல்லை, எல்லாம் பூசையில் இருந்தது. வளவு துப்பரவாக்கும் நாளுக்கு எல்லாரும் வரவேண்டும் என்ற குடியிருப்புச் சங்கத்தின் அறிவித்தல் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. ஹம்சிகா பார்த்துக்கொண்டிருக்கவே அதை உரித்தெடுத்து, பின்பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டாள். சுழி நெளிந்தது. அதன் கீழே தன் பெயரை முழுதாக, கடைசி எழுத்துவரை எழுதினாள். பதினொரு மாதமாக மரத்த கை, இரண்டு வினாடியில் எழுதி முடித்துவிட்டது.

மணி ஒன்பது ஏழு. சன்னம் தன்னைத் தாண்டிப் பிள்ளையிடம் போய்விடக்கூடாது என்று பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். எதிரே காடு மஞ்சளாக இருந்தது. பூச்சாடிகள் மட்டும் இருந்த அந்தப் பல்கனியில் ஈரப் பாசி மணந்தது. கீழே எங்கோ சுள்ளி முறிந்தது. தன் மூச்சு தனக்கே பெரிய சத்தமாகக் கேட்டது. ஓடவேண்டும், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இது தன் பயமா, மானின் பயமா என்று பிரிக்க அவளால் முடியவில்லை. அப்போது வெடித்தது.

ஹம்சிகா கதவைத் திறந்தபோது தாய் நிலத்தில் இருந்தாள். இரத்தம் இல்லை, சட்டையில் ஓட்டையும் இல்லை. இடது கை மட்டும் எழும்பவில்லை. மூன்று வருடம் வழியில் கிடந்த சன்னம், வந்து சேரும்போது பாதி வேகத்தை இழந்திருக்கவேண்டும். அவசர சிகிச்சை நிலையத்தில் எடுத்த படத்தில் அது தோள்மூட்டுக்குப் பின்னால், நெஞ்செலும்புகளுக்கு ஒரு விரல் தள்ளி, கோது உடையாத நிலக்கடலை மாதிரி இருந்தது. இளம் வைத்தியர் படத்தைப் பார்த்தார், சிறிதேவியைப் பார்த்தார், கோப்பில் பிறந்த நாட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, போர்க்காலத்தில் பட்டதா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பங்கருக்குள் குந்தியிருந்தாலும், அவள் மேல் ஒரு மண்கட்டிகூடப் பட்டதில்லை. சிறிதேவி ஓம் என்று தலையாட்டினாள். அவர் மரியாதையோடு அப்படியே பதிந்துகொண்டு, இவ்வளவு காலம் உடம்போடு இருந்ததை இனி எடுக்கத் தேவையில்லை, குளிர் நாட்களில் நோகும் என்றார்.

ரயிலில் தாயின் பக்கத்தில் இருந்த ஹம்சிகா, கல்பாக்கன் நிலையம் தாண்டும்வரை பொறுத்துவிட்டு, ஏன் பொய் சொன்னீங்கள் என்று மெல்லக் கேட்டாள்.

“பொய் இல்லைப் பிள்ளை. அங்கை படவேண்டியது. இஞ்சை வந்து பட்டிருக்கு.”

ரொம்சோஸ் நிலையம் வந்ததும் ஹம்சிகா தாயின் கைப்பையைத் தான் தூக்கிக்கொண்டாள். அடுத்த நாள் விஜயதசமிக்கு அவலும் கடலையும் படைத்தார்கள், அதற்கடுத்த திங்கட்கிழமை சிறிதேவி வேலைக்குப் போனாள்.