ஈயக்குட்டைப் பல்லிச்சாமி

தனேஸ்வரன் சாமியாக ஆசைப்பட்டவனே இல்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு வாத்து. வடக்கே குளிர் தாங்காமல் டிசம்பரில் மலேசியாவின் பேராக் பக்கம் எப்போதாவது வந்து இறங்கும் ஊசிவால் வாத்து. அதிலும் ஆண், அதுவும் இறக்கையை விரித்தபடி. ‘அடுத்த வாரம் கட்டாயம் எடுத்துடுவேன்’ என்று எழுதி எழுதி, பறவை பார்க்கிறவர்களின் வாட்சாப் குழுவில் அவனுக்கு ‘அடுத்த வாரம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தின் ஓரத்தில் ஈயம் தோண்டியெடுத்துக் கைவிட்ட ஒரு பழைய ஈயக்குட்டை இருக்கிறது. மனித வாடை பட்டாலே வாத்து பறந்துவிடுமே என்று, லாரி டியூப் ஒன்றில் கம்பி கட்டி, பச்சை வலை போர்த்தி, மேலே ஆகாயத்தாமரையைப் பரப்பி, அதற்குள் மார்பளவு தண்ணீரில் ஒளிந்து நின்றான். மனைவி நவமணியிடம் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லியிருந்தான்.

காரியம் கெட்டது கேமரா சத்தத்தில். செகண்ட்ஹேண்ட் கேமரா. கோயிலில் காய்ந்த மாலைகளைக் குட்டையில் போட வந்த புஷ்பலதா அக்கா, “என் பையனுக்கு வேலை கிடைக்குமா தாயே” என்று முணுமுணுத்த நேரம் பார்த்து, இவன் ஒரு கொக்கைப் படமெடுத்தான். ‘டிக்.’ நல்ல வார்த்தைக்குப் பின்னால் பல்லி சொன்னால் அப்புறம் பேச்சே கிடையாது. அக்கா திரும்பிப் பார்த்தாள். தண்ணீரில் ஒரு பச்சை மேடு தானாக நகர்ந்தது. பையனுக்கு வேலையும் கிடைத்தது. அவன் முந்தின வாரமே இண்டர்வியூவில் தேறியிருந்தான் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கோயில் தலைவர் ஜெயபாலன் கரையில் பல்லிச்சாமிக்குக் கூடாரமே போட்டுவிட்டார். கிளினிக் மாதிரி நம்பர் சீட்டு. “சாபார் லா, பொறுங்க! எல்லாருக்கும் சாமி சொல்லும்!” கல்யாணம், வீட்டுக் கடன், லாட்டரி என்று கேள்விகள் குவிந்தன. ஒரு மீன்கொத்தியை இவன் விட்டுவிட்டு எடுத்ததில், டிக் சத்தத்தை எண்ணிக் கட்டிய ஒருவருக்கு நம்பரே அடித்துவிட்டது.

தனேஸ்வரன் அப்போதே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். உதை விழும் என்ற பயம் பாதிதான். மீதி, பொரி. சனங்கள் சாமிக்கென்று வாரி இறைத்த பொரிக்கு வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்தன. வெட்கங்கெட்டவன் வாயை மூடிக்கொண்டு படமெடுத்தான்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு அது வந்து இறங்கியது. ஊசிவால், ஆண். பொரியைப் பொறுக்கிக்கொண்டே நேராக இவனை நோக்கி நீந்தியது. தனேஸ்வரன் ஷட்டரில் விரலை வைத்தான்.

“அடுத்த நம்பர்!” என்றார் ஜெயபாலன்.

“சாமி” என்றது ஒரு குரல். வலை ஓட்டை வழியே எட்டிப் பார்த்தான். நவமணி.

“என் வீட்டுக்காரரு கெட்டவரு இல்ல சாமி. குடிக்க மாட்டாரு. ஆனா என்னைப் பாக்கவே மாட்டேங்கிறாரு. தீபாவளிக்கு முடிய வெட்டிக்கிட்டேன். பொங்கலே வரப்போகுது, இன்னும் அவருக்குத் தெரியல. கமுந்திங்ல எங்கக்கா ஒரேயடியா வந்துருன்னு கூப்பிடுறா. போகவா?”

அவள் முடி தோளைக்கூடத் தொடவில்லை. வாத்துக்கு ஓர் இறகு உதிர்ந்தாலும் கண்டுபிடிக்கிறவன் இதை இப்போதுதான் பார்த்தான். இப்போது மட்டும் விரலை அசைக்கவே கூடாது என்று முடிவு செய்தான்.

வாத்து தண்ணீரின் மேல் எழும்பி, இரண்டு இறக்கையையும் விரித்து உதறியது.

‘டிக்டிக்டிக்டிக்டிக்டிக்.’

கரையெங்கும் ஆரவாரம். “இவ்ளோ அழுத்தமா சாமி யாருக்கும் சொன்னதில்லலா!” என்று ஜெயபாலன் அவள் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார். நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“நவமணி! சாமி சொல்லல, நான்தான்! போகாத!”

ஆகாயத்தாமரை தலையில் தொங்க, கேமராவை உயரத் தூக்கிப் பிடித்தபடி சாமி தண்ணீரிலிருந்து எழுந்தது. சனங்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். முதலில் ஓடியவர் ஜெயபாலன். வாத்துகளும் ஒன்று விடாமல் பறந்துபோயின.

நவமணி மட்டும் நின்றாள். அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஓவர்டைம் எங்கே நடந்தது என்று புரிந்துவிட்டது.

“படம் நல்லா வந்துச்சா?” என்று கேட்டாள்.

அவன் குனிந்து பார்த்தான்.

ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. கழுத்தில் ஏறும் வெள்ளைக் கோடு, சிறகில் மினுங்கும் பச்சை. பெரிதாக்கிப் பார்த்தான், கண்ணில்கூடப் பிசிறில்லை. “அருமையா வந்திருக்கு, வந்து பாரேன்” என்று அவன் நிமிர்ந்தபோது, மேட்டுச் சாலையில் நின்ற கமுந்திங் அக்காவின் காருக்குள் ஏறி அவள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.