பதினோராம் நாளுக்கு முன் வந்த பார்சல்

சோபியா கடை வைத்ததே யாரிடமும் பேச வேண்டாம் என்பதற்காகத்தான். உத்திரமேரூர் பஜாரில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் வாயடிக்க அவளால் ஆகாது. ஆன்லைனில் அந்தத் தொல்லை இல்லை. குழந்தையைத் தூங்கப்போட ஏணை கட்டுகிற துணியை வீட்டிலேயே தைப்பாள், ஸ்பிரிங்கும் கொக்கியும் சேர்த்து மடிப்பாள், மேலே ‘குழந்தை ஏணை’ என்று அச்சடித்த தாளை ஒட்டிக் கூரியரில் கொடுத்துவிடுவாள். வாங்குகிறவர் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் அவர்களுக்குத் தெரியாது. மூன்று வருஷமாக இப்படியே நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் போனில் ஒரு புகார் வந்தது. திருமுக்கூடலிலிருந்து சுதா என்ற பெண் அனுப்பியிருந்தாள். ‘பொருள் வரவில்லை.’

சோபியா தேதியைப் பார்த்தாள். பார்சல் போய்ச் சேர்ந்து நாற்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வராத பொருளை ஏழு வாரம் தேடாமல் ஒருத்தி இருப்பாளா? வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துகூட இருந்தது, செல்லாயி என்று. அதையும் பார்த்துவிட்டுத்தான் சுதா எழுதியிருந்தாள்: ‘எங்கள் வீட்டில் செல்லாயி என்று யாரும் இல்லை.’

அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பார்சல் வழியில் தொலைந்து, இரண்டு புகார் விழுந்திருந்தது. மூன்றாவதும் நின்றுவிட்டால் கடையை மூடிவிடுவோம் என்பது ஆன்லைனில் விற்றுத் தருகிற கம்பெனியின் சட்டம். மூடினால் திறக்க மாட்டார்கள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் சரியான அத்தாட்சி காட்ட வேண்டும், இல்லையென்றால் சுதாவே புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

“ஏமாத்துறா மே,” என்றான் அவள் புருஷன் ஏசுதாஸ், சட்டையை மாட்டிக்கொண்டே. “ஏணையையும் வெச்சிக்கினு துட்டையும் கேக்கறா. பொய்க்காரின்னு எழுதிப் போடு.”

அவன் வேலைக்குப் போனதும் அப்படியே எழுதினாள். எழுதியதைப் பார்க்கப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. அழித்துவிட்டாள். கூரியர்காரர் வரதனின் நம்பரைத் தேடி எடுத்தாள். என்ன கேட்பது என்று ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்துக்கொண்டுதான் போன் போட்டாள்.

“திருமுக்கூடலா? நல்லா ஞாபகம் கீதுமா,” என்றார் வரதன். “பார்சல் மேல ஏணைன்னு போட்டிருந்துச்சில்ல? அந்த வூட்டு அம்மா படிச்சதும் என்னைத் தெருவுலயே நிறுத்திட்டாங்க. ‘வாசப்படி தாண்டாத, எதிர் வூட்ல குடு’ன்னு ஒரே சத்தம். நான் இன்னாமா பண்றது? எதிர் வூட்டுல ஒரு அம்மா வாங்கிக்கினாங்க.”

அடுத்த நாள் சோபியா பஸ் ஏறினாள். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனாள். அந்தத் தெருவில் காலை வைத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

சுதா வீட்டுக்கு எதிர் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “யாரும்மா நீ? ராணி வூட்டுக்கா? சட்டுனு உள்ள போவாத, புள்ள பெத்த வூடு.”

“நான்… ஏணை அனுப்பினவ. நீங்க செல்லாயி அம்மாவா?”

செல்லாயி கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய், அரிசி டிரம்மின் மேலிருந்து பார்சலை எடுத்து வந்தாள். ஒட்டின டேப்கூடப் பிரியவில்லை. பிறகு சோபியா தடுப்பதற்குள் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள். “ராணி! உன் பார்சலுக்கு சொந்தக்காரி வந்துகீறா!”

சுதா வீட்டிலிருந்து அவள் மாமியார் ராணியம்மாள் ஓடிவந்தாள். “மெதுவாடி! உன் தொண்டையில இடி வுழ. அவ காதுல வுழுந்துடப் போவுது.”

சோபியா திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னாள். ராணியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“போன தடவ எட்டாம் மாசமே சுதா கவுனு, குல்லா எல்லாம் வாங்கி அடுக்கினா. புள்ள தங்கல. அத்தனையும் பொட்டியில அப்படியே கெடந்துச்சு. இந்தத் தடவ ஏணைன்னு பாத்ததும் எனக்குக் கை காலு ஓடல. அவளைக் கேட்டா அழுவா. அதான் கம்முனு இவ வூட்ல வெச்சிட்டேன். இப்ப பேரன் பொறந்துட்டான். வெள்ளிக்கெழம பதினோராம் நாளு, தீட்டு கழிச்சு ஏணை போடுவோம். அப்ப எடுத்துக் குடுக்கலாம்னு கீறேன்.”

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குள்ள புகாரை எடுக்கணும்மா.”

“ஒரு நாளு தானேம்மா! வெள்ளிக்கெழம மத்தியானம் சொல்லிட்டாப் போச்சு. உன் கம்பெனிக்காரன் வூட்ல புள்ளையே பொறந்ததில்லியா?”

செல்லாயி சிரித்தாள். சரிம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பதுதான் சோபியாவின் வழக்கம். அந்தச் சரி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் கடை போய்விடும்.

“முடியாதும்மா,” என்றாள். “மூடினா திரும்பத் தொறக்க மாட்டாங்க. எனக்கு வேற மாதிரி கடை வெக்கத் தெரியாது. ஏணை இப்ப வூட்டுக்குள்ள வர வேணாம். எங்க கீதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா மட்டும் போதும்.”

ராணியம்மாள் பதில் சொல்வதற்குள் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. காதை மூடித் துணி கட்டியிருந்த சுதா. “யாரு அத்தை?”

ராணியம்மாள் செல்லாயியைப் பார்த்தாள், சோபியாவைப் பார்த்தாள். “தூக்கிக் காட்டுடி,” என்றாள் கடைசியில். “தெருவுலயே நின்னு காட்டு.”

செல்லாயி பார்சலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். சுதா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?”

“அம்பது நாளா தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“நீ ஏன் கேக்கல?”

சுதா தலையைக் குனிந்துகொண்டாள். பார்சல் வந்ததா என்று கேட்டால், பிள்ளை பிறக்கும் முன்பே வாங்கினது தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் இத்தனை நாளும் யாரையும் கேட்கவில்லை. பிறந்த பிறகுதான் துணிச்சல் வந்து, யாருக்கும் தெரியாமல் புகார் எழுதியிருந்தாள். எதிர் வீட்டு அம்மாளைப் பெரியம்மா என்றே கூப்பிட்டுப் பழகியதால், செல்லாயி என்ற பெயரும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சோபியா ஜன்னலோரம் போய், ஏணை அனுப்பினது தான்தான் என்று சொல்லி, புகாரைத் திரும்ப எடுக்க வழி காட்டினாள். புகாரை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டுப் போன் சில காரணங்களைக் காட்டியது. முதலில் இருந்தது ‘பொருள் கிடைத்துவிட்டது.’ சுதா அதைச் சத்தமாகப் படித்ததும் ராணியம்மாள் பதறினாள்.

“அய்யய்யோ, அதை அமுக்காத! வூட்டுக்கே இன்னும் வரல, வந்துச்சுன்னு எழுதாத.”

“உங்க பேரனே வந்துட்டான் அத்தை.”

“வரட்டும். ஏணை வெள்ளிக்கெழம வரும்.”

“கீழ தள்ளிப் பாருங்க,” என்றாள் சோபியா. மூன்றாவதாக ஒன்று இருந்தது. ‘அக்கம்பக்கத்து வீட்டில் கொடுக்கப்பட்டுள்ளது.’

ராணியம்மாள் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். “இது நெசம்தான். இதை அமுக்கு.”

டவர் சரியாக இல்லை. சுதா கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் போனைப் பிடித்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு பேரும் அதையே பார்த்தார்கள். பிறகு சோபியாவின் பையிலிருந்த போன் ஒரு முறை அதிர்ந்தது. புகார் திரும்பப் பெறப்பட்டது.

“உங்களைத் திருடின்னு நெனச்சிக்கினு இருந்தேன் அக்கா,” என்றாள் சுதா.

“நானும்தாங்க உங்களை,” என்றாள் சோபியா.

செல்லாயிதான் முதலில் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. சுதா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். ராணியம்மாள், “பாத்துப் போம்மா,” என்றபடி பேரனிடம் ஓடினாள். செல்லாயி பார்சலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள், வெள்ளிக்கிழமை வரைக்கும் மறுபடி அரிசி டிரம்மின் மேல் வைக்க.