லிண்டேல் தெருவில் ஒரு காலி வீடு

கறுப்பினக் குடும்பம் ஒன்று குடிவந்தால் போதும், கிளீவ்லாந்துப் புறநகரில் வெள்ளைக்காரர்கள் அடித்துப்பிடித்து வீட்டை விற்றுவிட்டு ஓடிய காலம் அது. எர்னஸ்டின் தன் புருஷனோடு லிண்டேல் தெருவுக்கு வந்தபோதும் வீட்டுத் தரகர்கள், விலை சரியப்போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள் என்று வெள்ளையரை வீடுவீடாகத் தொலைபேசியில் பயமுறுத்தினார்கள். எதிர்வீட்டு வெள்ளைக்காரி வில்மா மட்டும் அசையவில்லை. கதவு கதவாகத் தட்டி, கெஞ்சியும் திட்டியும் தன் இனத்தார் ஒருவரையும் பயந்து ஓடவிடாமல் பிடித்து வைத்தாள். இரண்டு நிறமும் சேர்ந்து வாழும் தெரு என்று லிண்டேல் பேர் வாங்கியது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பேர் வாங்கினால் போதுமா, காப்பாற்ற வேண்டாமா? குடியிருப்போர் சங்கம் ஒரு வழி கண்டது. வீடு தேடி வரும் வெள்ளையரை இரண்டு நிறமும் கலந்து வாழும் தெருக்களுக்கும், கறுப்பினத்தவரை வெள்ளைத் தெருக்களுக்கும் அனுப்புவது. அந்த வேலையை வில்மா தலைமேல் போட்டுக்கொண்டு செய்தாள்.

சில வருஷம் கழித்து எர்னஸ்டினின் பக்கத்து வீடு காலியானது. அவள் தங்கை லுவெல்லா அப்போதுதான் புருஷனை இழந்திருந்தாள். வழக்கம்போல வில்மா வீட்டுக்குக் காபிக்கு வந்த எர்னஸ்டின் பேச்செடுத்தாள்.

"பக்கத்துலயே இருந்தா பிள்ளைங்கள நான் பாத்துப்பேன், அவ வேலைக்குப் போவா. சங்கத்துல ஒரு வார்த்த சொல்லு வில்மா."

வில்மா காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கோவிச்சுக்காத எர்னி. நம்ம தெருவுல ஏற்கெனவே பாதி உங்க ஆளுங்க. இன்னும் ஒண்ணு கூடுனா வெள்ளைக்காரங்க கெளம்பிடுவாங்க. மேட்டுப் பக்கம் ஒரு தெருவுல கறுப்புக் குடும்பமே இல்ல. அங்க நல்ல வீடா பாத்துத் தரேன்."

"புருஷன் போனவ, ஊரே மொறைக்கிற தெருவுல தனியா நிக்கணுமா?"

"நீ நிக்கலையா?"

"எனக்கு எதிர்வீட்டுல நீ இருந்த."

வில்மா எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள். ஆனாலும் மனம் மாறவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு வெள்ளைக்கார ஆசிரியரைக் கொண்டுவந்தாள். லுவெல்லா ஊரின் மறுகோடியில், கறுப்பினத்தவர் மட்டுமே வாழும் பகுதியில் வீடு பிடித்தாள். எர்னஸ்டின் சண்டை போடவில்லை, காபிக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று வில்மா தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மனசு ஆறவேயில்லை.

விற்பனைக்கு என்று வாசலில் பலகை வைக்கக் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். பலகையைக் கண்டால் பக்கத்து வீட்டுக்காரனும் மிரண்டு விற்றுவிடுவானே. அதனால் எர்னஸ்டின் வீட்டு முன்னால் சாமான் லாரி வந்து நின்றபோதுதான் வில்மாவுக்கு விஷயமே தெரிந்தது. போட்டது போட்டபடி ஓடினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே எர்னி."

"தங்கச்சி வீட்டுப் பக்கத்துக்கே குடி போறோம். பிள்ளைங்க தனியா கெடக்குதுங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டும், போகாதே என்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் ஓடி வந்தாள். வாயைத் திறந்தால் பழகின கேள்விதான் வந்தது.

"யாருக்கு வித்த? எங்க ஆளா, உங்க ஆளா?"

கேட்ட பிறகுதான் கேட்டது அவளுக்கே உறைத்தது. எர்னஸ்டின் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"வெள்ளைக்காரங்கதான். பயப்படாத வில்மா, உன் தெருவுக்கு ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.